ஒரே ஒரு மரபணு இல்லாமல் போனால்: பெற்றோருக்கான எளிய விளக்கம்

மரபணு அறிக்கை கைக்கு வரும்போது அதில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் முக்கியமாக இருக்கும்: இந்தக் குரோமோசோமில், இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை, ஒரு படி (பிரதி) இல்லை. பிள்ளையின் பேச்சு தாமதமானதற்கும், பிறந்தபோதே இதயத்தில் ஓட்டை இருந்ததற்கும், உடல் துவண்டு இருப்பதற்கும் அதுவே காரணம் என்று மருத்துவர் சொல்வார். ஒரு வரி இத்தனைக்கும் எப்படிக் காரணமாகும், அதை எந்த அளவுக்கு நம்பலாம், சிங்கப்பூரில் அடுத்து எங்கே போவது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் கணக்கு. நம் உயிரணுக்களில் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 23 இணை இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது, இன்னொன்று தந்தை தந்தது. ஒரு தொகுதியை மட்டும் எடுத்து விரித்தால் சுமார் 300 கோடி எழுத்துகள், அதாவது டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் வேதி அலகுகள். புரதங்களைச் செய்யும் குறிப்புகளைத் தாங்கிய மரபணுக்கள் அதில் ஏறத்தாழ 20,000. ஒரு மரபணு முழுவதுமே குறிப்பு அல்ல. எக்ஸான் எனப்படும் சிறு துண்டுகளில்தான் குறிப்பு இருக்கிறது. நடுவில் உள்ள நீண்ட பகுதிகளை உயிரணு வெட்டி எறிந்துவிடும். எக்ஸான் ஒன்று பெரும்பாலும் நூற்றைம்பது எழுத்துக்குப் பக்கம்தான் இருக்கும்.

இதில் ஒரு துண்டு இல்லாமல் போவதை நீக்கம் என்கிறார்கள். அது எந்த அளவிலும் நேரலாம். 22-ஆம் குரோமோசோமில் அடிக்கடி காணப்படும் நீக்கம் சுமார் 30 லட்சம் எழுத்து நீளம். பல பத்து மரபணுக்களை ஒன்றாகக் கொண்டுபோய்விடும். இங்கே பேசப்போவது அதைவிடச் சிறியது: ஒரு மரபணு மட்டும், அல்லது ஒரு மரபணுவின் இரண்டு மூன்று எக்ஸான்கள் மட்டும் போவது.

எல்லா நீக்கமும் நோயில்லை

ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணுவின் இரு படிகளுமே இல்லாதவர்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பல இனங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர். அவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள். கர்ப்பகாலப் பரிசோதனையில் பலர் கேள்விப்பட்டிருக்கும் ஆல்ஃபா தலசீமியா என்ற ரத்தக் குறைபாடும் பெரும்பாலும் மரபணு நீக்கம்தான். அதற்குரிய மரபணு மட்டும் ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டாக, மொத்தம் நான்கு படிகள் உண்டு. ஒன்று போனால் வெளியே எதுவும் தெரியாது. இரண்டு போனால் சிவப்பணுக்கள் சற்றுச் சிறியவையாக இருக்கும், அவ்வளவுதான். மூன்று போனால் ரத்தசோகை. நான்கும் போனால் கருவிலேயே உயிருக்கு ஆபத்து.

ஆகவே அறிக்கையில் 'நீக்கம்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் கலங்க வேண்டியதில்லை. போன மரபணு எது, மீதி இருக்கும் ஒரு படி வேலைக்குப் போதுமா என்பதே கேள்வி. பெரும்பாலான மரபணுக்களுக்கு ஒரு படி போதும். சிலவற்றுக்குப் போதாது. குழம்பில் கொத்தமல்லி பாதியாகக் குறைந்தால் சாப்பிடுபவருக்குத் தெரியாது. அதிரசத்தில் வெல்லம் பாதியானால் எண்ணெயில் போட்டதுமே பிரிந்துவிடும். அளவு குறைந்தால் தாங்காத இந்த மரபணுக்களைத்தான் மரபணு மருத்துவர்கள் 'அளவுக்கு உணர்திறன் உள்ளவை' என்கிறார்கள்.

அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறவி உறுப்புக் குறைகளையும் சேர்த்துத் தரும் மரபணுக்களில் பல, தாமாக ஓர் உறுப்பைக் கட்டுவதில்லை. மற்ற மரபணுக்கள் எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்துபவை அவை. கரு உருவாகும் முதல் வாரங்களில் மூளை, இதயம், அண்ணம், சிறுநீரகம் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருப்பெறுகின்றன. அப்போது கட்டுப்பாட்டாளர் பாதி அளவுதான் இருந்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இடங்களில் குறை தெரியும்.

2-ஆம் குரோமோசோமில் உள்ள ஸெப்2 மரபணு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கருவின் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு முகம், இதயம், குடல் என்று நெடுந்தூரம் நகர்ந்து போகும் ஒரு வகை உயிரணுக்கள் உண்டு. நரம்பு முகட்டு உயிரணுக்கள் என்று பெயர். அவை ஒழுங்காக நகர ஸெப்2 வேண்டும். ஒரு படி போய்விட்டால் அவற்றில் சில குடலின் கடைசிப் பகுதி வரை போய்ச் சேர்வதில்லை. அங்கே நரம்பு இல்லாததால் குடல் சுருங்கி விரிந்து மலத்தைத் தள்ளாது. பிறந்து 48 மணி நேரமாகியும் கருமலம் போகவில்லை, வயிறு உப்புகிறது என்றால் மருத்துவர்கள் தேடும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் இதுதான். ஸெப்2 குறையுள்ள குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பட்டை சிலருக்கு உருவாகியிருக்காது. இதயக் குறை, வலிப்பு, மிகக் குறைந்த பேச்சு ஆகியவையும் சேர்ந்து வரும். நடுவில் குழிந்து மேல்நோக்கி நிற்கும் காது மடலைப் பார்த்தே அனுபவமுள்ள மருத்துவர் ஊகித்துவிடுவார். இதற்கு மோவாட்-வில்சன் குறைபாடு என்று பெயர். 1998-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. குடலுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், வலிப்புக்கு ஒருவர் என்று மூன்று நிபுணர்களிடம் அலையும் பெற்றோருக்கு, மூன்றும் ஒன்றுதான் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

ஒரு பெரிய துண்டு போயிருக்கும்போது, குற்றவாளி அதிலுள்ள ஒரே மரபணுதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 9-ஆம் குரோமோசோமின் நீண்ட கை நுனி போன குழந்தைகளிடம் தசைத் தளர்ச்சி, இதயக் குறை, பேச்சின்மை ஆகியவை ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்தார்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் நீக்கத்தின் நீளம் வேறு. எல்லோரிடமும் பொதுவாகப் போன சிறு பகுதியைச் சுருக்கிக்கொண்டே வந்ததில் ஈஎச்எம்டி1 என்ற மரபணு மிஞ்சியது. 2006-இல், அதே அறிகுறிகள் இருந்தும் நீக்கம் இல்லாத குழந்தைகளிடம் அந்த மரபணுவில் எழுத்துப் பிழை இருப்பது தெரிந்தது. துண்டே இல்லாமல் போனாலும், இருக்கும் துண்டு பிழையால் செயலிழந்தாலும் விளைவு ஒன்றே. இன்று அதை க்ளீஃப்ஸ்ட்ரா குறைபாடு என்கிறோம். 17-ஆம் குரோமோசோமின் கூலன்-டி விரீஸ் குறைபாட்டிலும் இதே கதை: நீக்கம் தெரியவந்தது 2006-இல், கான்ஸ்எல்1 என்ற ஒற்றை மரபணு போதும் என்று தெரிந்தது 2012-இல். இது வெறும் வரலாறு இல்லை. உங்கள் பிள்ளைக்கு இருப்பது நீக்கமாக இருந்து, இணையத்தில் படிக்கும் வழிகாட்டி எழுத்துப் பிழை உள்ள குழந்தைகளைப் பற்றியதாக இருந்தாலும், மரபணு ஒன்றே என்றால் பெரும்பாலான பரிந்துரைகள் பொருந்தும்.

இதுபோன்ற மற்ற மரபணுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரிட்1பி போனால் சுண்டுவிரல் நகம் மிகச் சிறியதாகவோ இல்லாமலோ இருக்கலாம். சாட்பி2 போனால் அண்ணப் பிளவு, பல் அமைப்பில் கோளாறு, மிகக் குறைந்த பேச்சு. எலும்பு அடர்த்தியையும் பார்க்க வேண்டும். ஆங்க்ஆர்டி11 என்றால் மேல்வரிசை முன்பற்கள் வழக்கத்தைவிடப் பெரியவை, உயரம் குறைவு. க்ரெப்பிபி என்றால் அகன்ற கட்டைவிரலும் கால் பெருவிரலும். இவை துப்புகள் மட்டுமே. விரலைப் பார்த்து வீட்டிலேயே முடிவு கட்டுவதற்கு அல்ல.

யார் காரணம் என்று கேட்பவர்களுக்கு

கிரகணத்தில் வெளியே போனது, பப்பாளி சாப்பிட்டது, கர்ப்பத்தில் அழுதது எதுவும் ஒரு மரபணுவை நீக்காது. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது, அல்லது கரு முதன்முதலில் பிரியும்போது, குரோமோசோம் உடைந்து திரும்ப ஒட்டும் வேலையில் ஒரு துண்டு விடுபடுகிறது. 22-ஆம் குரோமோசோம் போன்ற இடங்களில் ஒரே மாதிரியான இரு நீண்ட பகுதிகள் பக்கத்தில் இருப்பதால் அவை மாறி ஒட்டி, உலகெங்கும் ஒரே அளவு நீக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒற்றை மரபணு நீக்கங்கள் பெரும்பாலும் அப்படி அல்ல. குழந்தைக்குக் குழந்தை உடையும் இடம் வேறு. அதனால்தான் உங்கள் அறிக்கையிலுள்ள எண்கள் வேறு எந்தக் குடும்பத்தின் எண்களோடும் சரியாகப் பொருந்துவதில்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் என்ற பேச்சும் வரும். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் கூட்டுவது வேறு வகை ஆபத்தை: இரு படிகளும் பழுதானால்தான் வெளிப்படும் நோய்களை. ஒரு படி போனாலே விளைவு காட்டும் புதிய நீக்கத்துக்கும் உறவுத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. மாமியார், நாத்தனார் முன்னிலையில் மருத்துவரையே இதைச் சொல்லச் சொல்வது நல்லது. மருமகள் சொன்னால் எடுபடாது.

எந்தப் பரிசோதனை எதைப் பார்க்கும்

குழப்பம் அதிகம் இங்கேதான். 'மரபணுப் பரிசோதனை செய்தாயிற்று, நார்மல்' என்று சொல்லும் குடும்பத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் பரிசோதனை என்பது.

கேரியோடைப் என்பது நுண்ணோக்கியில் குரோமோசோம்களைப் பார்ப்பது. உயிருள்ள அணுக்களை வளர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் ஹெப்பாரின் இட்ட பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். 50 லட்சம் முதல் 1 கோடி எழுத்து வரையான துண்டு போனால்தான் கண்ணுக்குத் தெரியும். ஸெப்2 முழுவதுமாகப் போனாலும் கேரியோடைப் 'நார்மல்' என்றே வரும்.

மைக்ரோஅர்ரே, குரோமோசோம் முழுவதிலும் லட்சக்கணக்கான புள்ளிகளில் படி எண்ணிக்கையை அளக்கிறது. ஊதா மூடிக் குழாயில் சில மில்லிலிட்டர் ரத்தம் போதும். வளர்ச்சித் தாமதமோ பல பிறவிக் குறைகளோ உள்ள பிள்ளைக்கு இதையே முதல் பரிசோதனையாகச் செய்யலாம் என்று 2010-இல் வந்த பன்னாட்டு ஒருமித்த அறிக்கை சொன்னது. சுமார் 15 முதல் 20 விழுக்காட்டினரிடம் காரணம் கிடைக்கிறது. டவுன் குறைபாடு போல வெளிப்படையாகத் தெரிபவற்றை விட்டுவிட்டால், கேரியோடைப்பில் இது 3 விழுக்காடுதான். ஆனால் மைக்ரோஅர்ரேயிலும் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. அடுத்தடுத்த பல புள்ளிகளில் குறைந்தால்தான் ஆய்வுக்கூடம் நீக்கம் என்று அறிவிக்கும். ஓர் எக்ஸான் மட்டும் போயிருந்தால் அங்கே போதிய புள்ளிகள் இல்லாமல் தப்பிவிடலாம். எழுத்துப் பிழைகளை அது பார்ப்பதே இல்லை.

எக்ஸோம் பரிசோதனை எல்லா எக்ஸான்களின் எழுத்துகளையும் படிக்கிறது. 2021-இல் அமெரிக்க மரபணு மருத்துவக் கல்லூரி, வளர்ச்சித் தாமதமும் பிறவிக் குறைகளும் உள்ள பிள்ளைகளுக்கு எக்ஸோமையோ முழு மரபுத்தொகுதியையோ (எக்ஸான் மட்டுமின்றி எல்லா எழுத்துகளையும் படிப்பது) முதல் அல்லது இரண்டாம் கட்டத்திலேயே செய்யப் பரிந்துரைத்தது. எக்ஸோம் எழுத்துப் பிழையை நன்றாகப் பிடிக்கும். நீக்கத்தைப் பிடிக்க, ஒவ்வோர் எக்ஸானும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்று தனியாகக் கணக்குப் போட வேண்டும். எல்லா ஆய்வுக்கூடங்களும் அதை ஒரே திறனோடு செய்வதில்லை. ஓர் எக்ஸான் நீக்கம் இங்கும் தவறலாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'படி எண்ணிக்கை மாற்றங்கள் ஆராயப்பட்டன' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

குறிப்பிட்ட ஒரு மரபணுமீது வலுவான சந்தேகம் இருந்தால் எம்எல்பிஏ என்ற பரிசோதனை உண்டு. அந்த மரபணுவை எக்ஸான் எக்ஸானாக அளக்கும். இரு படி இருந்தால் விகிதம் 1 அருகில், ஒரு படி என்றால் 0.5 அருகில் வரும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: அளவி (அளப்பதற்காக மரபணுவில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் தீங்கற்ற ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது ஒட்டாமல் 0.5 காட்டிவிடும். ஆகவே ஒரே ஓர் எக்ஸான் மட்டும் குறைந்ததாக வந்தால், வேறொரு முறையில் உறுதிசெய்யாமல் ஏற்கக்கூடாது.

பழைய கேரியோடைப்பைப் பயனற்றது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஷாங்க்3 மரபணு உள்ள 22-ஆம் குரோமோசோம் நுனி போனதாக மைக்ரோஅர்ரே காட்டினால், அந்தக் குரோமோசோம் வளையமாக ஒட்டியிருக்கிறதா என்பதைக் கேரியோடைப்தான் சொல்லும். வளையமாக இருந்தால் நரம்புக் கட்டிகளுக்கான கண்காணிப்பு வேண்டும். எண்ணிக்கை சொல்லும் பரிசோதனைக்கு வடிவம் தெரியாது.

அறிக்கையைப் படிப்பது

மூன்று விவரங்களைப் பாருங்கள். ஒன்று, எண்கள் மனித மரபுத்தொகுதி வரைபடத்தின் எந்தப் பதிப்பின்படி தரப்பட்டிருக்கின்றன: 37-ஆ, 38-ஆ. ஒரே இடத்துக்கு இரண்டிலும் வேறு வேறு எண். மாற்றித் தேடினால் பக்கத்து மரபணுவில் போய் நிற்பீர்கள். இரண்டாவது, நீக்கம் எக்ஸானைத் தொடுகிறதா. பெரிய மரபணுக்களில், வெட்டி எறியப்படும் பகுதிக்குள்ளேயே அடங்கிய நீக்கங்கள் பல தீங்கற்றவை. மரபணுவின் பெயர் மட்டும் அறிக்கையில் பயமுறுத்தும். எக்ஸான் போயிருந்தாலும், போன எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபட்டால் மீதிக் குறிப்பு ஒழுங்காகப் படிக்கப்பட்டு, குட்டையான, ஓரளவு வேலை செய்யும் புரதம் உருவாக வாய்ப்பு உண்டு. வகுபடாவிட்டால் அதற்கு அப்புறம் வரும் குறிப்பு முழுவதும் குலைந்துவிடும்.

மூன்றாவது, வகைப்பாடு. நோய்க்குக் காரணம், அநேகமாகக் காரணம், பொருள் உறுதியில்லை, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது என்று ஐந்து நிலைகள். 2020-இல் வந்த புள்ளி முறையில் 0.99-ஐத் தொட்டால் 'காரணம்', 0.90 முதல் 0.98 வரை 'அநேகமாக'. நடுவில் உள்ள 'பொருள் உறுதியில்லை' என்பதைப் பாதி நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை வைத்துக் கருவைப் பற்றியோ அடுத்த பிள்ளையைப் பற்றியோ முடிவெடுக்கவும் கூடாது.

இந்திய வம்சாவளியினரான நமக்கு இந்த நடுப்பிரிவு சற்று அதிகமாகவே வரும். ஒரு நீக்கம் நலமானவர்களிடமும் இருக்கிறதா என்று சரிபார்க்கும் தரவுத் தொகுப்புகளில் நெடுங்காலம் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. கூலன்-டி விரீஸ் நீக்கம் உருவாக வழிவகுக்கும் தலைகீழ் அமைப்பு (ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பது) அவர்களுடைய குரோமோசோம்களில் சுமார் 20 விழுக்காட்டில் உண்டு. கிழக்காசியரிடம் மிக அரிது. இனத்துக்கு இனம் இப்படி மாறும் என்பதால் உள்ளூர்த் தரவு தேவை. 2019-இல் வெளியான சிங்கப்பூரின் எஸ்ஜி10கே ஆய்வில் 4,810 பேரின் முழு மரபுத்தொகுதி படிக்கப்பட்டது. அவர்களில் 1,127 பேர் இந்தியர். அறிவு வளர வளர வகைப்பாடும் மாறும். அதனால் ஓரிரு ஆண்டு கழித்து மறுபடி ஆராயச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை; அதற்குப் புதிதாக ரத்தம்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

பெற்றோருக்கும் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்

பழி போடுவதற்கு அல்ல. பெற்றோர் இருவரிடமும் அந்த நீக்கம் இல்லையென்றால் அது பிள்ளையிடம் புதிதாக வந்தது. நோய்க்குக் காரணம் என்ற முடிவும் வலுப்படும். அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 1 விழுக்காடு. பூஜ்யம் என்று சொல்லாததற்குக் காரணம், பெற்றோரின் விந்தணுக்களிலோ கருமுட்டைகளிலோ சிலவற்றில் மட்டும் நீக்கம் மறைந்திருக்கக்கூடும், ரத்தத்தில் அது தெரியாது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் வாய்ப்பு 50 விழுக்காடு. அப்போது அவரும் நலமாக இருக்கிறாரே என்ற கேள்வி எழும். நியூரெக்சின்1 போன்ற சில மரபணுக்களில் ஒரே நீக்கம் ஒருவரைப் பாதித்து இன்னொருவரை விட்டுவிடுவது உண்டு. பெற்றோரிடம் குரோமோசோம் துண்டு இடம் மாறி, ஆனால் எதுவும் குறையாமல் இருந்தால் அவருடைய மைக்ரோஅர்ரேயில் தெரியாது. கேரியோடைப்போ, ஒளிரும் அளவியால் துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஃபிஷ் பரிசோதனையோ வேண்டும்.

அடுத்த கர்ப்பத்தில் தெரிந்துகொள்ள விரும்பினால், 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ அந்தக் குறிப்பிட்ட நீக்கத்தைத் தேடலாம். கருவின் குரோமோசோம் குறைகளைத் தேடித் தாயின் ரத்தத்தில் செய்யும் வழக்கமான நிப்ட் பரிசோதனை இவ்வளவு சிறிய நீக்கத்தைக் காட்டாது. நிப்ட் நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடும் குடும்பங்கள் நிறைய.

சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அரசாங்க மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் கிடைக்கும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தை வளர்ச்சிப் பிரிவும் மரபணு மருத்துவரும் இருக்கிறார்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகம், பழைய ஸ்கேன் முடிவுகள், இரு பக்கத்துக் குடும்ப விவரம் (கருச்சிதைவுகள் உட்பட), அண்மைய பரிசோதனை அறிக்கையின் எல்லாப் பக்கங்களும் கொண்டுபோங்கள். முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்துக் கொண்டுவந்தால் போதாது; மேலே சொன்ன விவரங்கள் பெரும்பாலும் பின்பக்கங்களில்தான் இருக்கும்.

மரபணு முடிவு வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முடிவு வரப் பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். ஆறு வயது வரையான பிள்ளைகளுக்குரிய எபிக் தொடக்கநிலைப் பயிற்சித் திட்டத்தில் சேர மரபணுவின் பெயர் தேவையில்லை; வளர்ச்சி மதிப்பீடு போதும். சிறப்புக் கல்விப் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வருகிறார்கள்.

பெயர் தெரிந்ததும் மாறுவது கண்காணிப்பு. எந்த மரபணு என்பதைப் பொறுத்து இதய எக்கோ, சிறுநீரக அல்ட்ராசவுண்ட், செவித்திறன், கண், வலிப்புக்கான இஇஜி என்று பட்டியல் மாறும். ஸெப்2 என்றால் மலச்சிக்கலைச் சாதாரணமாக விடக்கூடாது. ஈஎச்எம்டி1 என்றால் பதின்ம வயதில் தூக்கம் கெட்டு, கற்ற திறன்கள் திடீரெனப் பின்வாங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். அதை அடம் என்று நினைத்துத் திட்டிவிடுவார்கள்.

வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லி யாராவது அறிவுரை தரலாம். தேவையில்லை. இரு மொழி கேட்டு வளர்வது வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பேச்சைப் பின்னுக்கு இழுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தா பாட்டியோடு பேசும் மொழியைப் பறிப்பதில்தான் நட்டம். பேச்சு வராத பிள்ளைக்குச் சைகையும் படங்களும் கற்றுத் தந்தால் பேச்சு வருவது நின்றுவிடும் என்ற பயமும் ஆதாரமற்றது.

பணத்தைப் பொறுத்தவரை, பிறவிக் குறைகளுக்கான மருத்துவமனைச் சிகிச்சை மெடிஷீல்டு லைஃப் காப்புறுதிக்குள் வருகிறது. 2019-இல் தொடங்கிய அரிய நோய் நிதி விலை உயர்ந்த சில மருந்துகளுக்கானது. அத்தகைய மருந்து இல்லாத இந்த நீக்கங்களுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளைக்கு 21 வயதானதும் பெற்றோர் என்ற முறையில் அவருக்காக முடிவெடுக்கும் சட்ட அதிகாரம் தானாகத் தொடராது. தேவையென்றால் நீதிமன்றத்தில் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். இதற்கு 20 வயதிலேயே ஏற்பாடு செய்யத் தொடங்குங்கள்.

உறவினர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்பார்கள். உங்கள் இருவரிடமும் நீக்கம் இல்லை, குரோமோசோம் இடமாற்றமும் இல்லை என்று உறுதியானால், சித்தப்பா, அத்தை, சின்னம்மா பிள்ளைகள் யாருக்கும் இதற்காகப் பரிசோதனை வேண்டியதில்லை. உங்களில் ஒருவரிடம் இருந்தால், அவருடைய உடன்பிறந்தவர்களிடம் அறிக்கையின் நகலைக் கொடுத்து மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். நகலில் நீக்கம் தொடங்கி முடியும் இடங்களைக் குறிக்கும் இரண்டு நீண்ட எண்களும் வரைபடப் பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் ஆய்வுக்கூடம் எந்த இடத்தைத் தேடுவது என்று தெரியாது.